பிஎஸ்சி அக்ரியா, ஹார்டியா, இல்ல வேற எதாவதா? டெல்டா பக்கத்துல இருந்து கேக்குறேன்

மன்னை மலர்:
எல்லாருக்கும் வணக்கம். இப்பதான் பிளஸ் டூ முடிச்சிருக்கேன், மன்னார்குடி பக்கத்துல ஒரு கிராமம், தமிழ் மீடியம், மேக்ஸ் பயாலஜி குரூப். நாலு பாடத்தையும் ஐம்பது ஐம்பதுக்கு மாத்திக் கூட்டினா 200க்கு 178 வருது. நீட் எழுதல, எழுதுற எண்ணமும் இல்ல. எனக்கு அக்ரி படிக்கணும்னு ஒன்பதாவதுல இருந்தே ஆசை. எங்க பயாலஜி மிஸ்ஸும் அதையே தான் சொல்றாங்க.

வீட்ல தான் பிரச்சனை. அப்பாவுக்கு நாலு ஏக்கர் நெல்லு, மேட்டூர்ல தண்ணி ஜூன் 12 திறந்தா குறுவையும் தாளடியும், திறக்கலேன்னா சம்பா மட்டும். கடன் இல்லாத வருஷமே கிடையாது. "சேத்துல இருந்து நீயாவது வெளிய போவன்னு தான் படிக்க வெச்சேன், மறுபடி சேத்துக்கே போறேங்கிறியே"ன்னு சொல்லிட்டு ரெண்டு நாளா சரியா பேசவே இல்ல. நர்சிங் போ, இல்லேன்னா பிகாம் போங்கிறாங்க. மாமா ஒருத்தர் வேற, தெரிஞ்ச தனியார் காலேஜ் இருக்கு, கொஞ்சம் பணம் கட்டினா அக்ரி சீட் கன்ஃபார்ம், கவுன்சிலிங்லாம் எதுக்குன்னு சொல்றார்.

நான் கேக்க வந்தது இதுதான். அக்ரி, ஹார்டி (தோட்டக்கலை), ஃபாரஸ்ட்ரி (வனவியல்), அக்ரி இன்ஜினியரிங் இதுல எது எடுத்தா நல்லது? படிச்சா நெஜமாவே வேலை இருக்கா? இங்கிலீஷ்ல நான் ரொம்ப வீக், சமாளிக்க முடியுமா? பொண்ணுங்களுக்கு வயல் வேலை, கிராமத்துல போய் தங்குறது எல்லாம் எப்படி இருக்கும்? படிச்சவங்க யாராவது சொல்லுங்க, அப்பாகிட்ட என்ன சொல்றதுன்னும் தெரியல.

களப்பணி கதிர்:
வாழ்த்துக்கள் தங்கச்சி. நான் மதுரை வேளாண் கல்லூரில படிச்சேன், இப்ப ஒரு பொதுத்துறை வங்கில அக்ரி ஆபிசர். தமிழ் மீடியம் தான் நானும், அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் செமஸ்டர் கஷ்டமா தான் இருக்கும், இல்லேன்னு சொல்ல மாட்டேன். மண்ணியல், உழவியல், மரபியல், உயிர்வேதியியல்னு எல்லாமே இங்கிலீஷ்ல வரும், பூச்சிக்கும் நோய்க்கும் லத்தீன் பேரு வேற. ஆனா அந்தப் பேரெல்லாம் இங்கிலீஷ் மீடியம் பசங்களுக்கும் புதுசு தான், அதுல எல்லாரும் ஒரே கோட்டுல இருந்து தான் ஓடுவீங்க. செடியப் பார்த்தவுடனே இது இலைச்சுருட்டுப்புழு, இது குருத்துப்பூச்சின்னு உனக்குத் தெரியும், புத்தகத்துல படிச்சுட்டு வர்றவங்களுக்கு அது தெரியாது. பிராக்டிகல் நிறைய இருக்கறதால அது உனக்குக் கை கொடுக்கும். ரெண்டாவது வருஷத்துக்குள்ள இங்கிலீஷ் பிடிபட்டுடும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்துல அக்ரி, ஹார்டி ரெண்டையும் தமிழ் வழியிலயும் நடத்துறாங்க, வேணும்னா அதையும் பாக்கலாம், ஆனா வெளி மாநிலத்துல மேல படிக்கிற ஆசை இருந்தா இங்கிலீஷ்லயே படின்னு தான் நான் சொல்லுவேன்.

நாலு வருஷம், எட்டு செமஸ்டர். காலைல சீக்கிரமே ஃபீல்டுக்குப் போயிடணும். ஆளுக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்துடுவாங்க, நாற்று விடுறதுல இருந்து அறுவடை வரைக்கும் நீயே பாக்கணும், செலவு வரவு கணக்கும் நீயே எழுதணும். பூச்சியியல் பேப்பருக்கு வலை எடுத்துக்கிட்டு ராத்திரி லைட்டுக்குக் கீழ எல்லாம் பூச்சி பிடிச்சு, ஊசி குத்தி, பெட்டில அடுக்கி, பேரு ஒட்டிக் கொடுக்கணும். களைச்செடி ஆல்பம் வேற. அதெல்லாம் செஞ்சப்ப வெறும் மார்க்குக்குன்னு நெனச்சேன், இப்ப கடன் கேட்டு வர்ற விவசாயியோட வயலுக்குப் போய் நிக்கிறப்ப அதுதான் உதவுது.

கடைசி வருஷம் ராவேன்னு ஒண்ணு வரும், கிராமத்துல தங்கி விவசாயிகளோட இருந்து பாக்குறது. குரூப் குரூப்பா தான் அனுப்புவாங்க, பொண்ணுங்க குரூப்புக்குத் தங்குற இடம் பார்த்துத் தான் ஏற்பாடு பண்ணுவாங்க. ஊர் மந்தைல கோலப்பொடில கிராம வரைபடம் போடுறது, விதை நேர்த்தி செஞ்சு காட்டுறது, இனக்கவர்ச்சிப் பொறி கட்டுறது, தென்னைக்கு வேர் மூலமா டானிக் கட்டுறது, இதெல்லாம் நடக்கும். எங்க பேட்ச்ல பொண்ணுங்க தான் அதிகம், ராவேல ஊர்க்காரங்க அவங்ககிட்ட தான் நல்லா பேசினாங்க. அந்தப் பயம் வேண்டாம்.

வேலை பத்தி. பேங்க்ல அக்ரி ஆபிசர் வேலைக்கு, பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்குற ஐபிபிஎஸ் நடத்துற ஸ்பெஷலிஸ்ட் ஆபிசர் தேர்வு இருக்கு. அதுக்கு அக்ரி மட்டும் இல்ல, ஹார்டி, ஃபாரஸ்ட்ரி, கால்நடை, மீன்வளம், உணவுத் தொழில்நுட்பம், அக்ரி இன்ஜினியரிங், பட்டுப்புழு வளர்ப்பு எல்லாருமே எழுதலாம். அதனால பேங்க் மட்டும் தான் குறின்னா எதை எடுத்தாலும் வித்தியாசம் இல்ல. ஆனா டிஎன்பிஎஸ்சி அப்படி இல்ல. வேளாண்மை அலுவலருக்கு அக்ரி டிகிரி வேணும், தோட்டக்கலை அலுவலருக்கு ஹார்டி டிகிரி வேணும். இந்த அறிவிப்பு வருஷா வருஷம் வராது, வர்றப்ப ரெடியா இருக்கணும். மூணாவது வருஷத்துல இருந்தே ரீசனிங், கணக்கு, இங்கிலீஷ் கொஞ்சம் கொஞ்சமா பாக்க ஆரம்பிச்சுடு, பேங்க் பிரிலிமினரில நம்ம பசங்க விழறது அங்க தான், அக்ரி பாடத்துல இல்ல.

அக்ரி இன்ஜினியரிங் கேட்டிருந்த. ஒண்ணு கவனமா பாரு. வேளாண் பல்கலைக்கழகத்துல கோயம்புத்தூர்லயும் குமுளூர்லயும் பிடெக் இருக்கு. இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல வர்ற அக்ரிகல்ச்சர் இன்ஜினியரிங் அண்ணா பல்கலைக்கழகத்துக் கீழ, அது வேற வழி, வேற விண்ணப்பம். ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு மாட்டிக்கிறவங்க வருஷா வருஷம் இருக்காங்க. டிராக்டர், நீர்ப்பாசனம், மண் அரிப்புத் தடுப்பு, பம்ப், சூரிய மின்சக்தி இதுல ஆர்வம் இருந்தா மட்டும் எடு, கணக்கு நிறைய வரும்.

விதைக்காரன்:
கதிர் சொன்னதுல பெரும்பாலும் சரி, ஆனா மாமா சொன்ன தனியார் காலேஜ் விஷயத்த அவர் தொடவே இல்ல, அதுதான் இங்க முக்கியம். நான் தனியார் கல்லூரில படிச்சவன், இப்ப விதைக் கம்பெனில ஏரியா மேனேஜர். பேரு சொல்லல.

தங்கச்சி, மொதல்ல இதத் தெரிஞ்சுக்கோ. வேளாண் பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச தனியார் கல்லூரிகள் இருக்கு, அதுல அரசு ஒதுக்கீட்டு இடம் அதே கவுன்சிலிங்ல தான் வரும், மார்க் வெச்சு எடுக்கலாம். நிர்வாக ஒதுக்கீடு தனி. இது போக நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தனியா நடத்துற அக்ரி கோர்ஸும் இருக்கு. உங்க மாமா சொல்றது இதுல எதுன்னு அவர்கிட்ட கேளு. பதில் சொல்ல முடியலேன்னா அந்தப் பேச்சை அங்கயே விட்டுடு.

அடுத்து ஐசிஏஆர், அதாவது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தோட அங்கீகாரம். அது ஒரு தடவை வாங்கினா காலத்துக்கும் இருக்காது, இத்தன வருஷம்னு கொடுப்பாங்க, முடிஞ்சா மறுபடி வாங்கணும். ஐசிஏஆர் வெப்சைட்ல பட்டியல் இருக்கு, கல்லூரி பேரும் தேதியும் நீயே பாரு, கல்லூரி கொடுக்குற நோட்டீஸை நம்பாத. நீ நாளைக்கு எம்எஸ்சி ஐசிஏஆர் மூலமா டெல்லில இருக்குற வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான ஐஏஆர்ஐக்கோ லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்துக்கோ போகணும்னா அங்கீகாரம் இல்லாத தனியார் கல்லூரி டிகிரியால கதவு மூடிடும். எங்க சீனியர் ஒருத்தருக்கு அப்படித் தான் ஆச்சு, நல்ல ராங்க் எடுக்கற ஆளு.

கல்லூரிய நேர்ல போய்ப் பாரு. ஆபிஸ்ல உக்காந்து பேசாத. பண்ணை எங்க இருக்கு, பாசனத்துக்கு என்ன வழி, இப்ப என்ன பயிர் நிக்குதுன்னு கேட்டு நடந்து போய்ப் பாத்துட்டு வா. பண்ணைல புல்லு தான் நிக்குதுன்னா அங்க என்ன பிராக்டிகல் நடக்கும்? கடைசி வருஷப் பசங்க ரெண்டு பேர்கிட்ட ராவே எந்த ஊருல பண்ணீங்கன்னு கேளு. ஊர்ப் பேரு சட்டுனு வாயில வரலேன்னா போகவே இல்லன்னு அர்த்தம்.

நல்ல தனியார் கல்லூரி இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன், இருக்கு. நல்ல வாத்தியார்கள் அங்கயும் இருக்காங்க. ஆனா கடன் இல்லாத வருஷமே இல்லன்னு சொல்ற வீட்ல நெலத்த அடமானம் வெச்சு நன்கொடை கட்டி அக்ரி படிக்கிறதுல நியாயமே இல்ல. 178 வெச்சுக்கிட்டு கவுன்சிலிங்கத் தாண்டிப் போகாத. போன வருஷ கட் ஆஃப் உன் சமூகப் பிரிவுக்கு எந்தக் கல்லூரில எங்க முடிஞ்சுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணு.

வேலை பத்தி இன்னொண்ணு. பேங்க், டிஎன்பிஎஸ்சி ரெண்டுமே கிடைக்காதவங்க தான் அதிகம், இத யாரும் அட்மிஷன் நேரத்துல சொல்றதில்ல. அவங்கள்ல நிறைய பேர் விதை, உரம், பூச்சிமருந்து கம்பெனிகளுக்குத் தான் வர்றாங்க. டீலர் டீலரா சுத்தணும், டார்கெட் இருக்கும், பாக்கி வசூல் பண்ணணும், சீசன்ல ஞாயித்துக்கிழமையே கிடையாது. ஆனா இதுல கேவலம் ஒண்ணும் இல்ல. எந்த மண்ணுல எந்த ரகம் எடுக்கும், எந்தக் கடைக்காரர் தேவையில்லாத மருந்த விவசாயி தலைல கட்டுறார்னு எங்களுக்குத் தெரியற மாதிரி வேற யாருக்கும் தெரியாது. பொண்ணுங்களும் இப்ப வர்றாங்க, பயிர் ஆலோசனை, விதை உற்பத்தி, தரக்கட்டுப்பாடு லேப்னு.

மன்னை மலர்:
அண்ணா ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மாமாகிட்ட கேட்டேன், எந்தப் பல்கலைக்கழகம்னு அவருக்கே தெரியல, யாரோ ஒரு ஏஜென்ட் சொன்னாராம். அத விட்டாச்சு. அப்பா தான் இன்னும். இன்னிக்கு "படிச்ச ஆபிசருங்க வந்து எனக்கு என்ன கிழிச்சாங்க, நான் பாக்காத விவசாயத்தயா அவங்க பாத்துட்டாங்க"ன்னு கேட்டார். எனக்கு அதுக்குப் பதில் தெரியல. அவர் சொல்றதும் சரி மாதிரி தான் இருக்கு.

பூச்சியியல் சங்கரி:
மலர், நான் பூச்சியியல்ல பிஎச்டி பண்ணிட்டு இருக்கேன். அப்பா கேட்டது நல்ல கேள்விம்மா. கோவத்துல கேட்டிருந்தாலும் பதில் சொல்லவேண்டிய கேள்வி.

2008ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளில வெள்ளை வெள்ளையா பஞ்சு மாதிரி ஒரு பூச்சி வந்துச்சு. பப்பாளி மாவுப்பூச்சி. மத்திய அமெரிக்காப் பக்கத்துப் பூச்சி அது, இங்க அதத் தின்ன எதிரியே கிடையாது. அப்படியே மரவள்ளி, மல்பெரி, பருத்தின்னு பரவிடுச்சு. ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கம் மரவள்ளிக்காரங்க, பட்டுப்புழு வளர்க்குறவங்க எல்லாம் தோட்டத்தயே அழிச்சாங்க. மருந்து அடிச்சா மேல இருக்குற மெழுகுல பட்டு வழிஞ்சுடும், மல்பெரில அடிச்சா பட்டுப்புழு செத்துடும். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் ஒரு விவசாயி தனியா நின்னு இத ஜெயிக்க முடியாது, ஏன்னா விடை அவர் வயல்ல இல்ல. 2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து கண்ணுக்கே சரியாத் தெரியாத ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியக் கொண்டு வந்தாங்க, அசிரோபேகஸ் பப்பாயேன்னு பேரு. பெங்களூர்ல இருக்குற ஐசிஏஆர் நிறுவனம் கொண்டுவந்தது, நம்ம வேளாண் பல்கலைக்கழகம் அதப் பெருக்கி மாவட்டம் மாவட்டமா கொடுத்துச்சு. அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வெக்கும், உள்ள இருந்தே தின்னுட்டு வெளிய வரும். கொஞ்ச மாசத்துலயே பூச்சி அடங்கிடுச்சு. மருந்துக்கு ஒரு பைசா செலவில்ல. நான் பூச்சியியல் எடுத்ததே இதக் கிளாஸ்ல கேட்டதால தான்.

உங்க ஊருக்கே வர்றேன். சம்பால வெள்ளம் வந்து பயிர் முழுகிப் போனத அப்பா எத்தன தடவ பாத்திருப்பார். சிஆர் 1009 அவருக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும். அதே ரகத்துல முழுகினாலும் தாங்குற சப் 1ங்கிற மரபணுவச் சேர்த்து சிஆர் 1009 சப் 1னு வந்திருக்கு, ரெண்டு வாரம் வரைக்கும் தண்ணிக்குள்ள கெடந்தாலும் வடிஞ்சப்புறம் மறுபடி எழுந்திரிக்கும். அந்த மரபணு ஒடிசால விவசாயிங்க காலங்காலமா வெச்சிருந்த ஒரு நாட்டு ரகத்துல இருந்து எடுத்தது. அப்பா மாதிரி ஆளுங்க காப்பாத்தி வெச்ச விதை தான் அது, அதுக்குள்ள என்ன இருக்குன்னு கண்டுபிடிச்சது படிப்பு. உங்க பக்கத்துலயே ஆடுதுறைல நெல் ஆராய்ச்சி நிலையம் 1922ல இருந்து நடக்குது, ஏடிடி 36, 43, 45ன்னு அப்பா போட்ட ரகம் எல்லாம் அங்க இருந்து வந்தது தான். இதயெல்லாம் ஆபிசர் வந்து வீட்டுக் கதவத் தட்டிச் சொல்லலங்கிறது உண்மை. அப்பாவோட கோவம் அங்க தான் இருக்கு, அது நியாயமான கோவம். ஆராய்ச்சி நிலையத்துக்கும் வயலுக்கும் நடுவுல ஆள் பத்தல, வர்ற ஆளும் பாதி நேரம் மானியப் பேப்பர் எழுதிட்டு இருக்காங்க. அந்த இடத்துல நெல்லு வீட்டுப் பொண்ணு ஒருத்தி உக்காந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாக்கச் சொல்லு.

ஒரு காரியம் பண்ணு. நீடாமங்கலத்துல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, கேவிகேம்பாங்க, மன்னார்குடில இருந்து பக்கம் தான். இந்தியாவுலயே மொத கேவிகே 1974ல புதுச்சேரில நம்ம பல்கலைக்கழகத்துக் கீழ தான் ஆரம்பிச்சாங்க. அப்பாவக் கூட்டிட்டு ஒரு நாள் அங்க போ. கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போறத விட இதுதான் நல்லது, அங்க அவர் விவசாயியாப் பேசலாம், கேள்வி கேக்கலாம். அங்க வேலை பாக்குறவங்க என்ன படிச்சிருக்காங்க, என்ன செய்றாங்கன்னு அவரே கண்ணால பாக்கட்டும்.

ஒண்ணு மட்டும் தெளிவா வெச்சுக்கோ. இது விவசாயம் செய்யக் கத்துக்குற படிப்பு இல்ல, உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சதுல பத்துல ஒரு பங்கு கூட நாலு வருஷத்துல வராது. பயிர் ஏன் அப்படி நடந்துக்குதுன்னு தெரிஞ்சுக்குற அறிவியல் படிப்பு. பசுமைப் புரட்சிக்கு முன்ன நின்ன எம்.எஸ்.சுவாமிநாதன் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரில டிகிரி முடிச்சவர். இயற்கை விவசாயம் பேசின நம்மாழ்வாரும் அண்ணாமலை பல்கலைக்கழகத்துல பிஎஸ்சி அக்ரி படிச்சுட்டு கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்துல வேலை பாத்தவர் தான். ரெண்டு பேரும் எதிர் எதிர்ப் பக்கம் நின்னாங்க, ஆனா ரெண்டு பேருக்கும் அடிப்படை இந்தப் படிப்பு தான். நீ எந்தப் பக்கம் நிக்கணும்னு படிச்சுட்டு முடிவு பண்ணு.

நாற்றங்கால் ராஜி:
எல்லாரும் அக்ரி அக்ரின்னே பேசுறீங்க, ஹார்டிக்கு நான் ஒருத்தியாவது பேசிடுறேன். பெரியகுளத்துல தோட்டக்கலைக் கல்லூரில படிச்சேன், இப்ப ஒட்டன்சத்திரம் பக்கத்துல காய்கறி நாற்றுப் பண்ணை வெச்சிருக்கேன்.

அக்ரில எல்லாப் பாடமும் ஒரு கை பாப்பீங்க, நெல்லு, பயறு, எண்ணெய் வித்து, மண்ணு, பூச்சி, பொருளாதாரம்னு அகலமாப் போகும். ஹார்டில அதெல்லாம் இருக்கும், ஆனா பழம், காய்கறி, பூ, மலைப்பயிர், மூலிகை, பூங்கா அமைப்பு, அறுவடைக்கு அப்புறம் கெடாம வெக்கிறதுன்னு அதுல ஆழமாப் போவாங்க. சொந்தமா எதாவது ஆரம்பிக்கிற எண்ணம் இருக்குறவங்களுக்கு ஹார்டி கை கொடுக்கும்னு நான் நம்புறேன். ஒட்டுக்கட்டுறது, பதியம் போடுறது, குழித்தட்டுல தேங்காய் நார்க்கழிவு நிரப்பி நிழல்வலைக்குள்ள நாத்து விடுறது, இதெல்லாம் கையில வந்துட்டா அதுவே ஒரு தொழில். தக்காளி, மிளகா, கத்திரி நாத்து ஒண்ணு ஒன்றரை மாசத்துல வித்துடலாம், முதல் போட்டா ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதில்ல. திருச்சி நாவலூர் குட்டப்பட்டுல பொண்ணுங்களுக்குன்னே தோட்டக்கலைக் கல்லூரி இருக்கு, உனக்கு அதுதான் பக்கம், வீட்லயும் சம்மதிப்பாங்க.

தொழில் ஆரம்பிக்கக் கடனுக்கு அக்ரி கிளினிக்னு மத்திய அரசுத் திட்டம் 2002ல இருந்து இருக்கு. வேளாண் சார்ந்த டிகிரி வெச்சிருக்குறவங்களுக்கு 45 நாள் பயிற்சி இலவசமாக் கொடுத்து, திட்ட அறிக்கை எழுத வெச்சு, பேங்க் கடனுக்கு நாபார்டு வங்கி மூலமா மானியம் கொடுப்பாங்க. பொதுவா 36 சதவீதம், பெண்களுக்கும் எஸ்சி எஸ்டிக்கும் 44 சதவீதம். நான் அதுல தான் நிழல்வலைக் கூடாரம் போட்டேன். பேங்க்ல அலைய விடுவாங்க, அது உண்மை. ஆனா டிகிரி இல்லாம இதே கடனக் கேட்டுப் பாருங்க, உள்ளயே விட மாட்டாங்க.

சங்கரி அக்கா சொன்னதுல ஒண்ணு மட்டும் ஒத்துக்க மாட்டேன். விவசாயம் செய்யக் கத்துக்குற படிப்பு இல்லன்னு அவ்வளவு உறுதியாச் சொல்லாதீங்க. நான் கத்துக்கிட்டேன். வாத்தியாரும் கத்துக்கொடுத்தார், பண்ணைல வேலை பாத்த அம்மாக்கள் அதுக்கு மேல கத்துக்கொடுத்தாங்க. ஒட்டுக்கட்ட எனக்குச் சொல்லிக் கொடுத்தது பேராசிரியர் இல்ல, பல வருஷமா அங்க மாங்கன்னு ஒட்டுக்கட்டுற தினக்கூலி அம்மா தான். மலர், எந்தக் கல்லூரிக்குப் போனாலும் பண்ணைத் தொழிலாளிங்ககூடப் பேசு.

பூச்சியியல் சங்கரி:
ராஜி, அது சரிதான், ஏத்துக்குறேன். தானா தேடிப் போறவங்களுக்குக் கிடைக்கும். எதிர்பார்ப்போட வந்து ஏமாறக் கூடாதுன்னு தான் சொன்னேன்.

ஒரத்தநாட்டு டாக்டர்:
யாரும் கால்நடை பத்திச் சொல்லல. மன்னார்குடில இருந்து ஒரத்தநாடு எவ்வளவு தூரம்? அங்க கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. கால்நடை மருத்துவப் படிப்பு பிவிஎஸ்சி, இன்டர்ன்ஷிப் சேர்த்து அஞ்சரை வருஷம். நம்ம மாநில இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க் தான். அகில இந்திய ஒதுக்கீடு 15 சதவீதத்துக்கு மட்டும் தான் நீட். நிறைய பேருக்கு இதுவே தெரியாம விண்ணப்பமே போடாம விட்டுடுறாங்க. கட் ஆஃப் அக்ரிய விட ஏறித் தான் இருக்கும், 178க்கு வரும்னு நான் ஆசை காட்டல, ஆனா விண்ணப்பம் போட்டு வை. கால்நடைப் பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம், அதே விண்ணப்பத்துல உணவுத் தொழில்நுட்பம், கோழியினத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம் பிடெக்கும் இருக்கு.

உங்க மாவட்டத்துக்குப் பக்கத்துலயே நாகப்பட்டினத்துல மீன்வளப் பல்கலைக்கழகம் 2012ல வந்துச்சு. மீன்வளப் படிப்பு பிஎஃப்எஸ்சி, நாலு வருஷம். பழைய கல்லூரி தூத்துக்குடில, 1977ல ஆரம்பிச்சது. கடலோரத்துல இறால் பண்ணை, குஞ்சுப் பொரிப்பகம், தீவனக் கம்பெனி, ஏற்றுமதித் தரக்கட்டுப்பாடுன்னு வேலை இருக்கு. வயல்ல நெல்லோட மீன் வளக்குறதப் பத்தியும் படிப்பாங்க, டெல்டாவுக்கு அது ரொம்பப் பொருந்தும். கேள்விப்படாத கோர்ஸுன்னு தள்ளிடாதீங்க.

ஃபாரஸ்ட்ரி கேட்டிருந்தீங்க, மேட்டுப்பாளையம் கல்லூரி. இந்திய வனப்பணித் தேர்வுக்கு அக்ரி டிகிரியும் செல்லும், ஃபாரஸ்ட்ரியும் செல்லும். அதனால வனப்பணி ஆசைக்காக மட்டும் ஃபாரஸ்ட்ரி எடுக்கணும்னு கட்டாயம் இல்ல, காட்ட நெஜமாவே பிடிச்சிருந்தா எடுங்க.

மன்னை மலர்:
இவ்வளவு பேர் உக்காந்து எழுதியிருக்கீங்க, எல்லாத்தையும் ரெண்டு தடவ படிச்சேன். சங்கரி அக்கா, அப்பாகிட்ட அந்தக் குளவி கதைய சொன்னேன். ஒண்ணும் சொல்லல, ஆனா சப் 1 விதை எங்க கிடைக்கும்னு கேட்டார். வியாழக்கிழமை நீடாமங்கலம் போலாம்னு இருக்கோம். ஹார்டியா அக்ரியான்னு எனக்கு இன்னும் குழப்பம் தான், எங்க ஊருல நெல்லும் உளுந்தும் தான், அதனால மனசு அக்ரி பக்கமே போகுது.

கடைசியா ஒரு சந்தேகம். அரசுப் பள்ளில படிச்சவங்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு எனக்கு வருமா? ஆறாவது ஏழாவது அரசு உதவி பெறும் பள்ளி, எட்டாவதுல இருந்து அரசுப் பள்ளி. அப்புறம் கவுன்சிலிங்ல கல்லூரி சாய்ஸ் எப்படிக் கொடுக்கணும்?

களப்பணி கதிர்:
7.5 வராது தங்கச்சி. ஆறுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சிருக்கணும், உதவி பெறும் பள்ளி அதுல சேராது. வந்திருந்தா கல்விக் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டியிருக்கும், ஆனா விதி அப்படி. தப்பா டிக் பண்ணிடாத, சான்றிதழ் சரிபார்ப்புல விண்ணப்பமே சிக்கலாயிடும். ஆனா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபாய் உனக்கு வரணும், 2024ல இருந்து உதவி பெறும் பள்ளில தமிழ் வழில படிச்சவங்களையும் சேத்துட்டாங்க. கல்லூரில சேர்ந்ததும் அங்க இருக்குற பொறுப்பு அலுவலர்கிட்ட பேரு கொடுத்துடு. அரசுக் கல்லூரில ஃபீஸ் கையக் கடிக்காது, மெஸ் பில்லு தான் மாசா மாசம் வரும்.

சாய்ஸ் விஷயத்துல, கிடைக்குமான்னு யோசிக்காம உனக்குப் பிடிச்ச வரிசைல போடு, மேல போட்டது வரலேன்னா தான் அடுத்ததுக்குப் போகும், அதனால மேல பெருசாப் போடுறதுல நஷ்டம் இல்ல. கோயம்புத்தூர் அக்ரி, மதுரை, திருச்சி, அப்புறம் உனக்குப் பக்கமா இருக்குற ஈச்சங்கோட்டை, கீழ்வேளூர், கொஞ்சம் தள்ளி குடுமியான்மலை, ரொம்பத் தள்ளி கிள்ளிகுளம். அதுக்குக் கீழ திருச்சி பெண்கள் ஹார்டி, பெரியகுளம் ஹார்டி. அங்கீகாரம் பாத்துட்டு இணைவுக் கல்லூரி நாலஞ்சு அரசு ஒதுக்கீட்டுல கடைசில போடு. சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகத்துக்கு எப்படி விண்ணப்பம்னு இந்த வருஷ அறிவிப்புல தெளிவாப் பாத்துக்கோ. சியுஇடிங்கிற தேசிய நுழைவுத் தேர்வு எழுதியிருந்தா ஐசிஏஆர் ஒதுக்கீடு 20 சதவீத இடம் எல்லா மாநிலத்துலயும் இருக்கு, எழுதலேன்னா எம்எஸ்சிக்கு அந்த வழிய ஞாபகம் வெச்சுக்கோ.

சமூகச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எல்லாம் இப்பவே ஸ்கேன் பண்ணி வை. ப்ரவுசிங் சென்டர்ல விண்ணப்பம் போட்டா அவங்க போன் நம்பரும் ஈமெயிலும் போட விடாத, உன்னோடதோ அப்பாவோடதோ தான் இருக்கணும். ஓடிபி, அலாட்மென்ட் மெசேஜ் எல்லாம் அந்த நம்பருக்குத் தான் வரும், அலாட்மென்ட் வந்தா பணம் கட்டக் கொடுக்குற நாள் ரொம்பக் குறைவு.